கீழே வைக்கத் தெரியாதவரோடு ஓர் ஆட்டம்

அந்த விளையாட்டில் காளானுக்கு எடை உண்டு, கோழி இறகுக்கும் உண்டு. ஆனால் உடம்பில் மாட்டியிருக்கும் தோல் சட்டைக்கு எடையே கிடையாது. கழற்றிப் பைக்குள் வைத்தால் மட்டும் அதற்கு எடை வந்துவிடும். இதை யார் முடிவு செய்தார்கள், எப்படி முடிவு செய்தார்கள் என்று யோசித்துக்கொண்டு பருப்பைத் தீயவிட்டிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் ஆடும் ஆட்டம் அது. ஆள் இல்லாத ஒரு காட்டில் நம்மை வெறுங்கையோடு இறக்கி விட்டுவிடுவார்கள். மரம் வெட்ட வேண்டும், கல் உடைக்க வேண்டும், மண்ணைத் தோண்டி இரும்பு எடுத்து உருக்க வேண்டும். கோடாலி, குடிசை, கஞ்சி என்று எல்லாவற்றையும் நாமே செய்துகொண்டு உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். எடுப்பதெல்லாம் முதுகுப் பைக்குள் போகும். பைக்குப் பக்கத்தில் ஓர் எண் ஏறிக்கொண்டே வரும். அளவைத் தாண்டினால் எண் சிவப்பாகிவிடும், ஆள் கூனிவிடுவான், ஓட முடியாது. அந்த நேரத்தில் ஓநாய் வந்தால் கதை முடிந்தது.

என் தம்பி ஓசூருக்கு வேலைக்குப் போனபோது பழைய லேப்டாப்பை எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போனான். அதற்குள் இந்த ஆட்டம் கிடந்தது. சும்மா திறந்து பார்த்தேன். பார்த்தது என் தப்பா, அவன் தப்பா என்று என் மாமியாரும் நானும் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

எனக்கு அது பிடித்ததற்குக் காரணம் என் வேலை. கும்மிடிப்பூண்டியில் கார்களுக்கு பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் பேக்கிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு அட்டைப்பெட்டிக்கு இவ்வளவு எடைதான், ஒரு அடுக்குக்கு இத்தனை பெட்டிதான் என்று நாள் முழுக்கக் கத்துவது என் பிழைப்பு. இன்னும் நாலைந்து பாகம் அடங்கும் என்று திணித்த பெட்டிதான் லாரியில் அடியில் நசுங்கும். பெட்டியில் இடம் இருப்பது வேறு, பெட்டி தாங்குவது வேறு. புதிதாகச் சேரும் பெண்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை போனது. ஆனால் ஆட்டத்துக்குள் போன முதல் வாரம் நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்ணில் பட்ட கல்லையெல்லாம் அள்ளினேன். குருவி தலையில் பனங்காயை வைத்த மாதிரி என் ஆள் காட்டில் நகர்ந்துகொண்டிருந்தான்.

அப்போதுதான் ஒரு கேள்வி வந்து ஒட்டிக்கொண்டது. பை நிறைந்துவிட்டது, ஓட வேண்டும் என்றால் ஒரு மனிதர் முதலில் எதைக் கீழே போடுவார்? கம்பெனி வேனில் திருவள்ளூரிலிருந்து போகும்போது எல்லோரையும் கேட்க ஆரம்பித்தேன். ஆடி மாதம் பெரியபாளையத்தில் அம்மனுக்கு வரும் கூட்டத்தில் வேன் நகராது. வேப்பிலை கட்டிக்கொண்டு நடக்கிறவர்களைப் பார்த்தபடி எல்லோரும் பதில் சொல்ல வசதியாக மாட்டிக்கொள்வார்கள்.

என் பக்கத்தில் உட்காரும் பெண்ணுக்கு ஆரம்பாக்கம் பக்கம் பிறந்த வீடு, நெல் பயிரிடுகிற குடும்பம். சோற்றைக்கூடப் போடுவேன், விதையைப் போடமாட்டேன் என்றாள். இன்னொருத்தி சட்டி பானையைப் போடமாட்டாளாம், அது இல்லாமல் விதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளோடு சண்டைக்கே போனாள். டிரைவர் அண்ணன் மட்டும் திரும்பிப் பார்க்காமல், நான் எதற்கு அவ்வளவு எடுக்கப் போகிறேன் என்று கேட்டார். அன்று முழுக்க எனக்கு அந்தப் பதிலே மண்டைக்குள் ஓடியது. கேள்விக்கு வெளியே நின்று பதில் சொல்கிற ஆளை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

இந்தக் கேள்வியை நான் வீட்டில் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் வரவில்லை, என் வீட்டுக்காரர் தானாகவே ஆட்டத்துக்குள் வந்து சேர்ந்தார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பகலில் தாலுகா ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. ஆனால் அவரை யார் என்று கேட்டால் ஜெராக்ஸ் கடைக்காரர் என்று சொல்லமாட்டார். எங்கள் தெருக்கோடியில் இருக்கும் சின்னப் பெருமாள் கோயிலில் சாமி புறப்பாட்டுக்கு வாகனம் தூக்குகிற குடும்பம் அவருடையது. அவர் அப்பா தூக்கினார், அப்பாவுக்கு அப்பா தூக்கினார். இவர் முன்வரிசையில், வலது தோளில். அந்தத் தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு காய்ப்பு இருக்கிறது. கல்யாணமான புதிதில் அதைப் பார்த்துப் பயந்துபோய்க் கட்டியோ என்று கேட்டேன். சிரித்துவிட்டு, பெருமாள் உட்கார்ந்த இடம் என்றார்.

போன மழைக்காலத்தில் அவர் வலது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. கடையில் பேப்பர்க் கட்டு கையிலிருந்து நழுவும், நழுவியது அவருக்கே தெரியாது. எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கழுத்து எலும்பு நரம்பை அழுத்துகிறது என்றார். இனி தோளில் பாரம் கூடாது, மீறி ஏற்றினால் அந்தக் கை போய்விடலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். கழுத்துக்கு ஒரு பட்டை கொடுத்தார்கள். பங்குனியில் உற்சவம். அதில் கருட சேவைதான் எல்லாவற்றிலும் கனமான வாகனம். வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார் இவர். கோயிலில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை, என்னையும் விடவிடவில்லை. எனக்கு அந்தப் 'பார்த்துக்கலாம்' என்ற வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

ஆக, கழுத்தில் பட்டையோடு சாயந்திரங்களில் வீட்டில் உட்கார்ந்திருந்த மனிதர் நான் ஆடுவதை எட்டிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தார். அப்புறம் தன் போனிலும் அதே ஆட்டத்தை ஏற்றிக்கொண்டார். போனும் லேப்டாப்புமாக இரண்டு பேரும் ஒரே காட்டுக்குள் திரிய முடிந்தது. நான் சுரங்கத்தில் தோண்ட, அவர் கல் கொண்டுவர என்று குடித்தனம் அங்கேயும் ஆரம்பமானது.

சில நாளிலேயே ஒன்றைக் கவனித்தேன். இவர் எதையும் கீழே போடமாட்டேன் என்கிறார். பை சிவந்து கிடக்கிறது, ஆள் கூனி நகர்கிறான், பின்னால் ஓநாய் மூச்சு கேட்கிறது. கல்லைக் கொஞ்சம் கொட்டிவிட்டு ஓடிவந்தால் உயிர் பிழைக்கலாம். நாளைக்கு வந்து பொறுக்கிக்கொள்ளலாம், கல் எங்கே போகப் போகிறது? நான் இந்தப் பக்கம் இருந்து கீழே போடுங்கள், கீழே போடுங்கள் என்று கத்துவேன். அவர் போடமாட்டார். ஓநாய் கடிக்கும், சாவார். மறுபடி குடிசையில் எழுந்து, மறுபடி போய், அதே கல்லை எடுத்து, அதே ஓநாயிடம் வருவார்.

இது பிடிவாதமா, பேராசையா என்று முதலில் எனக்குப் பிடிபடவில்லை. என் பேராசை எனக்குத் தெரியும், அது பார்த்ததையெல்லாம் அள்ளும், ஓநாயைக் கண்டால் எல்லாவற்றையும் உதறிவிட்டு ஓடும். இவருடையது அப்படி இல்லை. எடுக்கும்போது நிதானமாகத்தான் எடுத்தார். எடுத்த பிறகுதான் சிக்கல். ஒருநாள் பொறுக்காமல், சாகிற ஆள் கையில் அந்தக் கல் எதற்கு என்று கேட்டேவிட்டேன்.

"தோள்ல ஏத்துனத நடு வழியில தரையில வெக்கக் கூடாது," என்றார்.

"அது கல்லுங்க. பெருமாள் இல்ல."

"தெரியுது. கீழ போட கை வரலயே, இன்னா பண்ண சொல்ற?"

கோயில் வழக்கம் எனக்கும் தெரிந்ததுதான். சாமி ஒருதரம் தோளில் ஏறிவிட்டால் மண்டபத்தில்தான் இறங்கும். வழியில் தேங்காய் உடைக்க நிற்கும்போதுகூட வாகனத்தைத் தாங்கும் தண்டுக்கு அடியில் கவைக்கட்டைகளை முட்டுக்கொடுப்பார்களே தவிர, தரையில் வைக்கமாட்டார்கள். ஆனால் அந்த வழக்கம் ஒருவருடைய விரலுக்குள் இறங்கி, போன் திரையில் இருக்கும் பொய்க்கல்லைக்கூடப் போடவிடாது என்பது எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து நான் அவரை வேவு பார்க்க ஆரம்பித்தேன்.

பார்த்தால், மனிதர் எங்கேயும் எதையும் தரையில் வைப்பதில்லை! இத்தனை வருஷம் கூட இருந்து நான் கவனிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் பையைக் காலடியில் வைத்துவிட்டு நிற்க, இவர் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். மார்க்கெட்டிலிருந்து வந்தால் பை நேராக ஆணிக்குப் போகும், இல்லையென்றால் மேசைக்கு. ஒருநாள் சோதித்தே பார்த்தேன். இரண்டு கையிலும் காய்கறிப் பையைக் கொடுத்துவிட்டு, வாசல் பூட்டில் சாவி சிக்கிய மாதிரி வேண்டுமென்றே நேரம் கடத்தினேன். வாசல் சிமெண்டுத் தரை, அதுவும் நான் அப்போதுதான் கழுவிவிட்டது. மனிதர் பையை மடக்கிய முழங்கையில் ஏற்றிக்கொண்டு, ஊட்டுக்குள்ளாற போகலாமா வேணாமா என்று கேட்டாரே தவிரக் கீழே வைக்கவில்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மரத்துப்போன கையில் பையைத் தொங்கவிட்டோமே என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது, ஓடிப்போய் வாங்கினேன்.

ஆட்டத்தில் அவர் தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தார். சுரங்கத்திலிருந்து குடிசைக்கு வரும் பாதையில் அங்கங்கே மரப்பெட்டி செய்து நட்டுவைத்தார். சுமையைப் பெட்டிக்குள் இறக்குவார், மூச்சு வாங்கிக்கொள்வார், மறுபடி ஏற்றிக்கொண்டு அடுத்த பெட்டிவரை நடப்பார். புறப்பாட்டில் சாமி நிற்கும் இடங்களின் பெயரையே அவற்றுக்கும் வைத்திருந்தார். குளக்கரை, பால் பூத், பிள்ளையார் கோயில் முக்கு. அந்தப் பெட்டிகளைச் செய்ய மரம் வேண்டும், அந்த ஆட்டத்தில் மரம் கல்லைவிடக் கனம், அதைத் தூக்கிக்கொண்டு போனதில் இன்னும் இரண்டு தடவை ஓநாயிடம் மாட்டினார். போகட்டும். அந்தப் பெட்டி மண்டபங்களைக் கட்டி முடித்த பிறகு எங்கள் இரும்பு ஒழுங்காக வீடு வந்து சேர்ந்தது உண்மை. நான் ரொம்பப் புகழ்ந்தேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு கணக்கும் இருந்தது. பெட்டிக்குள் இறக்கப் பழகினவர் நாளைக்குத் தரையில் இறக்குவார், தரையில் இறக்கினால் பங்குனியில் தோளிலிருந்தும் இறக்குவார் என்று நினைத்தேன். வைத்தியம் பார்ப்பவள் போல ஒவ்வொரு சாயந்திரமும் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இறக்கவில்லை. பெட்டியில் வைப்பது இறக்குவது ஆகாதாம், அது எழுந்தருளப் பண்ணுவதாம்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடித்து உட்கார்ந்தோம். பாதையை விட்டு வெகுதூரத்தில் ஒரு பனிமலை இருந்தது, அங்கேதான் நல்ல உலோகம் கிடைக்கும். அவர் முன்னால் போய்விட்டார். அங்கே பெட்டி ஏதும் இல்லை. திரும்பும்போது பை சிவந்துவிட்டது. ஓநாய்கள் கூட்டமாக வந்தன. எப்போதும் போல அவர் போடவில்லை, செத்தார். அந்த ஆட்டத்தில் செத்தவன் வெறுங்கையோடு குடிசையில் எழுந்துகொள்வான், அவன் சுமந்ததெல்லாம் செத்த இடத்திலேயே ஒரு மூட்டையாகக் கிடக்கும். கொஞ்ச நேரத்தில் எடுக்காவிட்டால் மறைந்துவிடும். அவர் அங்கே திரும்பிப் போக நேரம் போதாது. பக்கத்தில் இருந்தது நான்தான்.

என் பையும் நிறைந்திருந்தது. அந்த வாரம் முழுக்கத் தோண்டிய இரும்பு. மூட்டைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன், இரண்டையும் எடுக்க வழியில்லை. நான் யோசிக்கவே இல்லை. என் இரும்பையெல்லாம் பனியில் கொட்டிவிட்டு அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டேன். அது மட்டுமே என் அளவைத் தாண்டியது. என் ஆள் கூனிக்கொண்டு அடி மேல் அடி வைத்து மலையிலிருந்து இறங்கினான். எவ்வளவு கனத்தை இந்த மனிதர் ஒவ்வொரு தடவையும் தூக்கிக்கொண்டு நடந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் போனை வைத்துவிட்டு என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உன்னுத எதுக்கு கொட்டுன?" என்றார்.

"பின்ன? உங்க மூட்டைய வேற யாரு தூக்கறது? நீங்க உயுந்துட்டா நான்தான தூக்கணும்?"

ஆட்டத்தைப் பற்றித்தான் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே அது ஆட்டம் இல்லை என்று எனக்கே தெரிந்துவிட்டது. அப்படிக் கேட்க வைத்தது எது என்றும் தெரிந்தது. பயம்தான். அவருக்குக் கை போய்விடுமோ என்று மாசக்கணக்காக வயிற்றில் கட்டிவைத்திருந்த பயம். ஓநாய் வந்து என்னையும் கடித்துப் போட்டது, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் அடுப்படிக்குப் போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இடது கையில்தான் கொண்டுவந்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அந்தக் காட்டுக்குப் போகவில்லை. பங்குனி வந்தது, கொடி ஏறியது. சின்ன வாகனங்களின் போது கடையில் வேலை என்று ஏதோ சொல்லித் தப்பித்தார். கருட சேவைக்கு அப்படிச் சொல்ல முடியாது. அன்று விடிந்ததும் குளித்து, நாமம் இட்டு, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கழுத்துப் பட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கோபம் கண்ணீராக வந்துவிடும் என்றுதான் வாயைத் திறக்கவில்லை. அவர் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் படி இறங்கினார். அதை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.

பால் பூத்துக்குப் பக்கத்தில், தெரு திரும்பும் முக்கில் நின்றுகொண்டேன். அந்தத் திருப்பத்தில் உள்பக்கம் தூக்குகிறவர்கள் நின்ற இடத்திலேயே சுற்ற வேண்டும், வெளிப்பக்கம் தூக்குகிறவர்கள் ஓட்டமும் நடையுமாகப் போக வேண்டும். இவர் வெளிப்பக்கம். மேளச் சத்தம் நெருங்கியது, கூட்டத்தின் தலைகளுக்கு மேலே கருடனின் மூக்கு தெரிந்தது, அதற்குப் பிறகு குடை. ஜனங்கள் கோவிந்தா என்றார்கள். நான் சாமியைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் இவரைப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது. தண்டைப் பிடித்திருக்க வேண்டிய வலது கை பக்கத்தில் தொங்கிக்கொண்டு ஆடியது.

வாகனம் தூக்குகிறவர்களுக்குள் ஒரு முறை உண்டு. முடியாதவன் நிற்கமாட்டான், கூப்பிடமாட்டான். விரல் முட்டியால் தண்டைத் தட்டுவான். கூடவே நடந்து வருகிறவர்களில் ஒருவர் சட்டென்று அடியில் தோளைக் கொடுத்துவிடுவார், சாமி நிற்காது. தட்டினவர்களுக்கெல்லாம் இவர் எத்தனையோ தடவை தோள் கொடுத்திருக்கிறார். இவர் தட்டி நான் பார்த்ததில்லை, ஊரில் யாரும் பார்த்ததில்லை.

இடது கையைக் குறுக்கே கொண்டுவந்து தட்டினார். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இந்தத் தடவை கேட்கவில்லை என்பதையே சாக்காக வைத்து நடந்துவிடுவாரோ என்று பதைத்தேன். மறுபடி தட்டினார், பலமாக. பின்னால் வந்த அவர் சித்தப்பா மகன் திரும்பிப் பார்த்தார், நம்பாதவர் மாதிரி ஒரு நொடி பார்த்தார், குனிந்து உள்ளே நுழைந்தார். அவர் கொஞ்சம் குள்ளம். கருடன் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது. எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்கள் முழங்காலை மடக்கிச் சமன் செய்துகொண்டார்கள். திருப்பம் முடிந்தது, சாமி போய்விட்டது.

இவர் நடுத்தெருவில் நின்றார். கூட்டம் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடியது. ஜெயித்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றும் என்றுதான் நினைத்திருந்தேன். தோன்றவில்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்ற அந்த மனிதரைப் பார்க்க எனக்கு அழுகைதான் வந்தது. இடித்துக்கொண்டு ஓடிப்போனேன்.

"வலிக்குதா?" என்றேன்.

"இல்ல." தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "லேசா கீது. வெறுங்கையா எப்புடி நடக்கறதுன்னே தெரியல."

பேக்கிங் செக்‌ஷனில் எவ்வளவு ஏற்றலாம் என்று சொல்லித் தருகிறோம். முழுக்க இறக்கிவிட்ட பிறகு என்ன என்று எனக்கும் யாரும் சொன்னதில்லை. என் தோளில் மாட்டியிருந்த துணிப்பையைக் கழற்றி அவரிடம் நீட்டினேன். உள்ளே அவர் சட்டையும் ஒரு தண்ணீர் பாட்டிலும்தான் இருந்தன. அவர் அதை வாங்கி இடது தோளில் மாட்டிக்கொண்டார். இரண்டு பேரும் கூட்டத்தோடு சேர்ந்து சாமிக்குப் பின்னால் நடந்தோம்.